பன்றித் தசைக்குள் படியும் கொழுப்பும் பரம்பரையும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கங்களில் பன்றி வளர்ப்பவர்களும் கடுவன் (இனவிருத்திக்கான ஆண்பன்றி) வாங்கத் தேடுபவர்களும் இறைச்சி வெட்டுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே உள்ளன. முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லாமல் கேள்வி இலக்கத்தை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. தசைக்குள்ள இருக்கிற கொழுப்பெண்டா என்ன? முதுகுக் கொழுப்பும் அதுவும் ஒண்டுதானே?

ஒன்றல்ல. பன்றியில் கொழுப்பு நான்கு இடங்களில் சேரும். தோலுக்குக் கீழே சேர்வது முதுகுக் கொழுப்பு. வயிற்றுக்குள் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றி ஒரு பங்கு, ஒரு தசைக்கும் அடுத்த தசைக்கும் இடையே ஒரு பங்கு. நான்காவது, ஒரே தசைக்குள் நார்க்கட்டுகளுக்கு நடுவே படிவது. வெட்டுமுகத்தில் மெல்லிய வெள்ளை வரிகளாகத் தெரிவதும் கத்தியால் சீவி எடுக்க முடியாததும் இந்த நான்காவதுதான். இந்தப் பக்கத்தில் ‘தசைக் கொழுப்பு’ என்று சொல்வது இதை மட்டுமே.

தசைக் கொழுப்பில் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாது. தசைநாருக்குள் நுண்துளிகளாகவும் கலங்களின் மென்சவ்விலும் அது இருக்கும். அதனால்தான் ஒரு வரிகூடத் தெரியாத இறைச்சியை ஆய்வுகூடத்தில் அளந்தாலும் ஏறத்தாழ 1 சதவீதம் கொழுப்பு வரும்.

2. எவ்வளவு இருந்தா நல்ல இறைச்சி?

முதுகுத் தசையில் 2 முதல் 3 சதவீதம் இருந்தால் இறைச்சி மென்மையாகவும் சாறு குறையாமலும் இருக்கும். 1.5 சதவீதத்துக்குக் கீழே போனால் சுடும்போதும் பொரிக்கும்போதும் வறண்டுபோகும். நீண்ட நேரம் வேகும் கறியில் இந்த வேறுபாடு ஓரளவு மறைந்துவிடும். வறுவலிலும் சுட்ட இறைச்சியிலும் மறையாது.

இனத்தைப் பொறுத்து இது பெரிதும் மாறும். பியட்ரைனில் 1.5 சதவீதத்துக்குக் குறைவாக இருப்பது வழக்கம். லார்ஜ் வைட், லாண்ட்ரேஸ் இரண்டிலும் பெரும்பாலும் 1.5 முதல் 2 வரை. டுரொக்கில் 3 சதவீதமும் அதற்கு மேலும் கிடைக்கும். ஸ்பெயின் நாட்டு ஐபீரியன் பன்றியில் 8, 10 சதவீதம்கூட உண்டு. தசைக்குத் தசை அளவு வேறுபடுவதால் ஒரு பன்றியின் முதுகுத் தசையை இன்னொன்றின் தொடையோடு ஒப்பிடக் கூடாது.

3. நல்லாக் கொழுத்த பன்றியெண்டா உள்ளுக்கும் கொழுப்பு இருக்கும்தானே?

பாதி உண்மை. முதுகுக் கொழுப்புக்கும் தசைக் கொழுப்புக்கும் மரபுத் தொடர்பு உண்டு; ஆனால் அது நடுத்தரமானது. பெரும்பாலான ஆய்வுகளில் 0.1 முதல் 0.5 வரை வருகிறது. 1 வந்திருந்தால் இரண்டும் ஒரே பண்பு என்று சொல்லலாம். 0.3 அளவில் நிற்கிறது என்றால், முதுகு மெலிந்தும் உள்ளே வரியோடியும் இருக்கும் பன்றிகளைத் தேடினால் கிடைக்கும் என்று பொருள். டுரொக் அப்படிப்பட்ட ஓர் இனம். அதேபோல முதுகில் மூன்று விரல் தடிப்புக்குக் கொழுப்பு இருந்தும் இறைச்சி வெறும் சிவப்பாக இருக்கும் பன்றிகளும் உண்டு.

கொழுப்பு சேரும் ஒழுங்கும் இதற்கு ஒரு காரணம். வயிற்றுக் கொழுப்பும் முதுகுக் கொழுப்பும் முந்திச் சேரும், தசைக் கொழுப்பு பிந்திச் சேரும். இரணைமடு வாய்க்காலின் கடைசி வயலைப் போலத்தான் அது: மேலே உள்ளவை குடித்து முடிந்த பிறகுதான் அங்கே வரும். 60 கிலோவில் வெட்டும் பன்றியில் வரி தெரியவில்லை என்று இனத்தைக் குறை சொல்ல முடியாது. அதே குட்டியை 100 கிலோ வரை வளர்த்திருந்தால் வேறு இறைச்சி கிடைத்திருக்கும்.

4. இது பிறப்பில வாறதோ, தீனியில வாறதோ?

இரண்டாலும், ஏறத்தாழச் சரிபாதி. தசைக் கொழுப்பின் பாரம்பரிய விகிதம் சராசரியாக 0.5. ஒரே கூட்டத்தில் பன்றிக்குப் பன்றி காணப்படும் வேறுபாட்டில் பாதி மரபணுக்களால் வருகிறது, மற்றப் பாதி தீனி, வயது, எடை, பால், வெக்கை போன்றவற்றால் வருகிறது என்பதே அதன் பொருள். ஈற்றுக்கு எத்தனை குட்டி என்ற பண்பின் பாரம்பரிய விகிதம் 0.1 அளவில்தான் நிற்கும். அதோடு ஒப்பிட்டால் 0.5 மிகப் பெரியது, தெரிவு செய்தால் பலன் தெரியக்கூடியது.

நலமடித்த (விதை நீக்கிய) ஆணில் தசைக் கொழுப்புக் கூட, பெண்ணில் அதைவிடக் குறைவு, நலமடிக்காத கடுவனில் எல்லாவற்றிலும் குறைவு. ஆகவே இரண்டு பரம்பரைகளை ஒப்பிடும்போது ஒரே பால், ஒரே எடை, ஒரே தீனி என்று வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாத ஒப்பீட்டை நம்பிக் கடுவன் வாங்குவது காசை வீணாக்குவது.

5. உடம்புக்குள்ள அப்பிடி என்ன நடக்குது? ஏன் ஒரு பன்றியில வரி போடுது, மற்றதில போடேல்ல?

தசைநார்களுக்கு இடையே உள்ள தொடுப்பிழையத்தில் சில மூலக் கலங்கள் இருக்கின்றன. அவை கொழுப்புக் கலமாகவும் மாறலாம், நாரிழையமாகவும் மாறலாம். கொழுப்புக் கலமாக மாறும்படி ஆணையிடும் தலைமைப் புரதங்கள் இரண்டு: பிபார்-காமா, சி.ஈ.பி.பி-அல்பா. இவை வேறு பல மரபணுக்களை இயக்கிவிடும். முதலில் கலங்களின் எண்ணிக்கை பெருகும், பின்னர் ஒவ்வொரு கலமும் கொழுப்பை நிரப்பிப் பருக்கும். எண்ணிக்கை குறைந்த பன்றிக்குக் கடைசி மாதத்தில் எவ்வளவு தீனி கொட்டினாலும் வரி அதிகம் ஓடாது, நிரப்ப இடமில்லை.

நிரப்பும் வேலை மூன்று கணக்குகளின் மிச்சம். இரத்தத்தில் வரும் கொழுப்பமிலத்தைக் கலம் உள்ளே எடுப்பது ஒன்று. குளுக்கோசிலிருந்து தானே கொழுப்புச் செய்வது இன்னொன்று. பன்றியில் இந்த வேலை ஈரலில் மிகக் குறைவு, கொழுப்பிழையத்தில்தான் நடக்கிறது. மூன்றாவது, சேர்த்ததை உடைத்து எரிப்பது. இன்சுலின் சேர்க்கச் சொல்லும், அட்ரினலின் உடைக்கச் சொல்லும். தசைக்குள் உள்ள கொழுப்புக் கலங்களில் கொழுப்புச் செய்யும் நொதியங்களின் வேகம் முதுகுக் கொழுப்புக் கலங்களில் உள்ளதைவிடக் குறைவு. 3ஆம் கேள்வியில் சொன்ன ‘பிந்திச் சேரும்’ என்பதற்கு இதுவும் காரணம்.

6. அப்ப எந்த மரபணுவைப் பார்த்து வாங்கிறது?

தனி ஒரு மரபணு என்று எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகத் தள்ளுகின்றன. ‘கொழுப்பு ஜீன் உள்ள கடுவன்’ என்று யாராவது விலை கூட்டினால், எந்த ஜீன், அதன் எந்த வடிவம் (எதிருரு), யார் சோதித்தது என்று கேளுங்கள். ஆனாலும் பெயர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சில உண்டு.

எம்.சி.4.ஆர்: 1ஆம் நிறமூர்த்தத்தில் (மரபணுக்களைத் தாங்கும் இழை, குரோமோசோம்) உள்ளது, மூளையில் பசியைக் கட்டுப்படுத்துகிறது. 298ஆம் இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம் போய் அஸ்பரஜின் வந்தால் பன்றி கூடத் தின்னும், வேகமாக வளரும், முதுகுக் கொழுப்பும் கூடும். இந்த விகாரம் (மரபணுவில் நேர்ந்த மாற்றம்) 2000ஆம் ஆண்டில் வெளிப்படுத்தப்பட்டது. எல்.ஈ.பி.ஆர் 6ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. இது லெப்டின் என்ற ‘போதும்’ ஓமோனை வாங்கும் புரதம். ஐபீரியன் பன்றியில் காணப்படும் இதன் ஒரு வடிவம் பசியையும் கொழுப்பையும் கூட்டுகிறது, தசைக் கொழுப்பும் அதோடு ஏறுகிறது. இரண்டுமே வாய் வழியாக வேலை செய்பவை என்பதைக் கவனியுங்கள். தீனி அளந்து போடும் பட்டியில் இவற்றின் பலன் முழுதாகத் தெரியாது.

எப்.ஏ.பி.பி.3 கொழுப்பமிலத்தைத் தசைக் கலத்துக்குள் சுமந்து செல்லும் புரதத்துக்குரியது. 1990களில் டுரொக்கில் இதன் வடிவங்களுக்கும் தசைக் கொழுப்புக்கும் தொடர்பு கண்டார்கள். வேறு இனங்களில் அதே தொடர்பு ஒழுங்காக வரவில்லை. ஓர் இனத்தில் செல்லும் அடையாளம் இன்னொன்றில் செல்லாமல் போவதற்கு இதுதான் நல்ல எடுத்துக்காட்டு: நாம் பார்க்கும் அடையாளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உண்மையான விகாரம், இனத்துக்கு இனம் வேறு வடிவத்தோடு சேர்ந்து இறங்கியிருக்கலாம்.

எம்.வை.எச்.3 மிகச் சுவையான கதை. தென்கொரியாவின் ஜெஜு தீவுக் கறுப்புப் பன்றியை லாண்ட்ரேசோடு கலந்து ஆராய்ந்தவர்கள், 12ஆம் நிறமூர்த்தத்தில் இந்த மரபணுவுக்கு முன்னால் டி.என்.ஏயின் 6 எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2019இல் காட்டினார்கள். அந்த விடுபாடு உள்ள பன்றியில் மெதுவாக இயங்கும் சிவப்புத் தசைநார்கள் கூட. இறைச்சி சிவப்பாகவும் வரியோடியும் இருக்கிறது. தசைநாரின் வகையையே மாற்றித் தசைக் கொழுப்பைக் கூட்டும் வழி இது, பசி வழியல்ல.

7. அப்பிடியெண்டா எங்கட ஊர்க் கறுப்புப் பன்றியிலயும் அது இருக்கும்தானே? கறுப்புக்கு ருசி கூட எண்டு எல்லாரும் சொல்லுகினம்.

நிறத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. கறுப்பு நிறத்தை எம்.சி.1.ஆர் என்ற மரபணு தருகிறது. அது 6ஆம் நிறமூர்த்தத்தில். ஜெஜு பன்றியின் விடுபாடு 12இல். இரண்டும் தனித்தனியாக இறங்கும். ஊர்ப்பன்றியின் இறைச்சி ருசியாக இருப்பதற்கு அதன் வயதும் மெதுவான வளர்ச்சியும் ஓடித் திரிவதும் காரணமாக இருக்கலாம். வயது கூடிய பன்றியின் இறைச்சி நிறமும் மணமும் கூடியது.

வெள்ளை நிறத்தால் வரும் ஏமாற்றம் இதைவிடப் பெரியது. சிவப்பு டுரொக் கடுவனை வெள்ளைத் தாய்ப்பன்றியோடு சேர்த்தால் குட்டிகள் பெரும்பாலும் வெள்ளையாகவே பிறக்கும். வெள்ளை ஆட்சியான நிறம். “டுரொக் குட்டியெண்டு சொல்லி வெள்ளையைத் தந்திட்டான்” என்று சண்டைக்குப் போகாதீர்கள். அந்த வெள்ளைக் குட்டியில் சரியாகப் பாதி டுரொக் மரபணு இருக்கிறது.

8. தேப்பன் வழியில வந்தா மட்டும் வேலை செய்யிற மரபணு ஒண்டு இருக்காமே?

உண்டு. ஐ.ஜி.எப்.2, 2ஆம் நிறமூர்த்தத்தில். தாயிடமிருந்து வந்த பிரதி தசையில் மூடப்பட்டே இருக்கும், தந்தையிடமிருந்து வந்தது மட்டும் இயங்கும். அதில் ஒரே ஓர் எழுத்து ஜி போய் ஏ வந்தால், அதை அடக்கிவைக்கும் புரதம் பிடிக்க முடியாமல் போகிறது; தசை 3, 4 சதவீதம் கூடுகிறது, முதுகுக் கொழுப்புக் குறைகிறது. 2003இல் இதை நிறுவினார்கள்.

நடைமுறையில் இதன் பலன் பெரிது. தாய்ப்பன்றியில் எந்த வடிவம் இருந்தாலும் வெட்டும் குட்டியின் மெலிவை அது தீர்மானிக்காது, கடுவன்தான் தீர்மானிக்கும். ஒரே தாயின் இரண்டு ஈற்றுக் குட்டிகள் வேறு வேறு கடுவனுக்குப் பிறந்து, ஒன்று கொழுத்தும் ஒன்று மெலிந்தும் வந்தால் இதையும் நினைத்துப் பாருங்கள். தசைக் கொழுப்பின் மேல் இந்த விகாரத்தின் விளைவு கூட்டத்துக்குக் கூட்டம் மாறுகிறது. முதுகுக் கொழுப்பின் மேல்தான் அது உறுதியாகத் தெரிகிறது.

9. வாகனத்தில ஏத்திக்கொண்டு போகேக்க செத்துப்போகுது. சாகாததின்ர இறைச்சியும் வெளிறித் தண்ணி விடுது. இதுவும் பரம்பரையோ?

இருக்கலாம். ஆர்.வை.ஆர்.1 என்ற மரபணுவில் ஒரு விகாரம் உண்டு, 1991இல் கண்டுபிடித்தார்கள். தசைக்குள் கல்சியம் அடங்காமல் பாய்ந்து, உடல் சூடேறி, பன்றி விறைத்துச் செத்துப்போகும். இரண்டு பிரதியும் பழுதானால்தான் சாவு. ஒரு பிரதி மட்டும் உள்ளது தப்பிவிடும், ஆனால் அதன் இறைச்சியும் ஓரளவு வெளிறும். பியட்ரைன் வழியில் இது அதிகம். மெலிந்து திரண்ட தொடையைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும் கடுவனோடு இது சேர்ந்து வந்துவிடும், கூடவே தசைக் கொழுப்பும் குறையும். வன்னி வெக்கையில் இந்த மரபணு வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆனால் எல்லாவற்றையும் பரம்பரையின் தலையில் போடவும் கூடாது. நல்ல பரம்பரைப் பன்றியையும் நடு மத்தியானத்தில் நெருக்கி ஏற்றி, அடித்து இறக்கி, உடனே வெட்டினால் இறைச்சி வெளிறும். விடியப் புறத்தில் ஏற்றுங்கள், மேலே தண்ணீர் தெளியுங்கள், இறக்கியபின் 2 முதல் 4 மணித்தியாலம் நிழலில் படுக்க விடுங்கள். அப்படிச் செய்தும் ஒரே கடுவனின் குட்டிகள் மட்டும் விறைத்துச் செத்தால் அந்தக் கடுவனை நிறுத்துங்கள்.

ஹம்ப்சயர் வழியில் வேறொரு விகாரம் உண்டு, பி.ஆர்.கே.ஏ.ஜி.3இல். தசையில் கிளைக்கோசன் என்ற சேமிப்பு மாச்சத்து ஏறத்தாழ 70 சதவீதம் கூடி, வெட்டிய பின் புளிப்பேறி, சமைக்கும்போது எடை இழக்கும். இது தசைக் கொழுப்புப் பிரச்சினையல்ல. வறட்சியைப் பார்த்து ‘கொழுப்பில்லை’ என்று தவறாக முடிவெடுக்காமலிருக்கவே சொல்கிறோம்.

10. டுரொக் கடுவன் விட்டா எங்கட வெள்ளைப் பன்றியில எவ்வளவு கூடும்?

தசைக் கொழுப்பில் கலப்பு வீரியம் (கலப்புக் குட்டி பெற்றோரின் சராசரியை மிஞ்சுவது) மிகக் குறைவு. எனவே குட்டி ஏறத்தாழப் பெற்றோரின் நடுவில் நிற்கும். 3 சதவீத டுரொக், 1.6 சதவீத லார்ஜ் வைட் தாய் என்றால் குட்டியில் 2.3 அளவில் எதிர்பார்க்கலாம். அடுத்த ஈற்றில் அந்தக் கலப்புப் பெண்ணை மீண்டும் வெள்ளைக் கடுவனோடு சேர்த்தால் டுரொக் பங்கு கால்வாசியாகிவிடும், 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்.

லார்ஜ் வைட், லாண்ட்ரேஸ் இரண்டையும் கலந்த பெண்ணைத் தாயாக வைத்துக்கொள்ளுங்கள். குட்டி எண்ணிக்கையும் பாலும் அங்கேதான். அதன்மேல் டுரொக் கடுவன். பிறக்கும் குட்டிகள் அனைத்தையும் இறைச்சிக்கு அனுப்புங்கள். அவற்றிலிருந்து தாய்ப்பன்றிக்குப் பெண் எடுத்து வைக்கத் தொடங்கினால் இரண்டு மூன்று தலைமுறையில் எது எந்தக் கலப்பு என்றே தெரியாது.

11. கலப்பு வேண்டாம், என்ர கூட்டத்துக்குள்ளயே தெரிஞ்செடுத்தா?

கணக்கு எளிது. கூட்டத்தின் சராசரிக்கும் தெரிவு செய்த பெற்றோரின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாரம்பரிய விகிதத்தால் பெருக்குங்கள். கூட்டம் 2 சதவீதம், பெற்றோர் இருவரும் 3 என்றால் வித்தியாசம் 1, அதை 0.5ஆல் பெருக்கினால் 0.5. அடுத்த தலைமுறை 2.5இல் எதிர்பார்க்கலாம். கடுவன் மட்டும் 3, பெண்கள் சாதாரணம் என்றால் பெற்றோர் சராசரி 2.5, கூடுவது 0.25 மட்டுமே.

ஜப்பானின் மியாகி மாகாணத்தில் டுரொக்கை வளர்ச்சி, முதுகுக் கொழுப்பு, தசை அகலம், தசைக் கொழுப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏழு தலைமுறை தெரிவு செய்தார்கள்; தசைக் கொழுப்பு 4 சதவீதத்தைச் சற்றுத் தாண்டிய இடத்திலிருந்து 5ஐத் தாண்டியது. பல பண்புகளை ஒன்றாக இழுத்தால் வேகம் அவ்வளவுதான்.

12. உயிரோட நிக்கிற கடுவனில தசைக் கொழுப்பை எப்பிடி அறியிறது?

ஸ்கான் கருவியால் முடியும். கடைசி விலா எலும்புகளுக்கு மேலே, முதுகெலும்பிலிருந்து சற்று விலக்கி வைத்துப் படமெடுத்து, மென்பொருளால் கணிப்பார்கள். கர்ப்பம் பார்க்கும் சாதாரணக் கருவியை வைத்து முதுகுக் கொழுப்பின் தடிப்பை அளக்கலாம், தசைக் கொழுப்பை அதனால் நம்பிக்கையாகச் சொல்ல முடியாது.

கருவியில்லாத இடத்தில் வழி சகோதரர்கள்தான். ஒரே ஈற்றில் பிறந்த ஆண்களில் ஒன்றைக் கடுவனாக விட்டு, மற்ற மூன்று நான்கை நலமடித்து வளர்த்து, ஒரே எடையில் வெட்டி இறைச்சியைப் பாருங்கள். சகோதரர்களுக்கிடையே சராசரியாகப் பாதி மரபணு பொது. ஒரு சகோதரனின் இறைச்சி அவ்வளவாக எதையும் சொல்லாது. மூன்று நான்கு சொன்னால் நம்பலாம். கடுவன் வளர்ந்து குட்டி போடத் தொடங்கியபின் அதன் பத்துக் குட்டிகளின் இறைச்சி எல்லாவற்றிலும் உறுதியான சாட்சி.

13. இறைச்சியை வெட்டி எங்க, எப்பிடிப் பார்க்க வேணும்?

எப்போதும் ஒரே இடம்: முதுகுத் தசை, 10ஆம் 11ஆம் விலாவுக்கு இடையில். உடலம் குளிர்ந்த பிறகு வெட்டுங்கள். சூட்டில் கொழுப்பு உருகி நிற்பதால் வரி தெரியாது. வெட்டுமுகத்தை 10, 15 நிமிடம் காற்றில் வையுங்கள், நிறம் தெளியும். பகல் வெளிச்சத்தில், வெயில் நேரே படாமல் பார்த்து, ஒரு தாளில் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். அமெரிக்கப் பன்றி வளர்ப்போர் பயன்படுத்தும் படவரிசையில் 1ஆம் படம் ஏறத்தாழ 1 சதவீதம், 3ஆம் படம் 3 சதவீதம் என்று புள்ளியும் சதவீதமும் நெருங்கி நிற்கும். அந்த முறையில் உங்கள் படங்களை வரிசைப்படுத்தலாம்.

சரியான எண் வேண்டுமானால் ஈதர் கொண்டு கொழுப்பைப் பிரித்தெடுக்கும் சொக்ஸ்லெட் முறை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. அங்கே விசாரித்துப் பார்க்கலாம். மாதிரியின் வெளிக் கொழுப்பையும் மேலுறையையும் முழுதாகச் சீவிவிட்டு அரைக்க வேண்டும். ஓரத்தில் ஒரு சிறு துண்டு முதுகுக் கொழுப்பு ஒட்டியிருந்தாலே 2 சதவீதம் 4 ஆகிவிடும். வியக்கத்தக்க எண்கள் வரும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

14. தவிடும் புண்ணாக்கும்தான் போடுறம். புரதத்தைக் குறைச்சா வரி கூடும் எண்டு சொல்லுகினமே?

கூடும், உண்மை. புரதத்தின் ஒரு கூறான லைசின் குறைந்தால் தசை வளர்ச்சி தளரும். மிஞ்சிய சக்தி கொழுப்பாகும், ஒரு பங்கு தசைக்குள்ளும் போகும். ஆனால் முதுகுக் கொழுப்பும் கூடும், வளர்ச்சியும் குறையும். குட்டியிலிருந்தே புரதம் குறைந்த தீனி போட்டால் குறுகிய பன்றிதான் கிடைக்கும். செய்வதானால் கடைசி 4 முதல் 6 வாரங்களில் மட்டும், மொத்தப் புரதத்தை 15, 16 சதவீதத்திலிருந்து 12, 13க்கு இறக்குங்கள். தேங்காய்ப் புண்ணாக்கில் லைசின் குறைவு என்பதால், தவிடும் புண்ணாக்கும் மட்டும் போடும் பட்டியில் பன்றி ஏற்கெனவே பற்றாக்குறையில்தான் நிற்கிறது. அங்கே குறைக்க ஒன்றுமில்லை. குட்டிப் பருவத்தில் சோயாப் புண்ணாக்கோ மீன்தூளோ கூட்டுவதே முதல் வேலை.

ஆலைத் தவிட்டில் எண்ணெய் உண்டு, அதில் லினோலெயிக் அமிலம் நிறைய. பன்றி தின்ற எண்ணெயின் தன்மை அதன் கொழுப்பில் அப்படியே இறங்கும். தவிடு மிஞ்சினால் கொழுப்பு இளகி, கையில் ஒட்டி, சீக்கிரம் காறும். முடிக்கும் காலத் தீனியில் தவிட்டை மூன்றிலொன்றுக்கு மேல் விடாதீர்கள். புதிதாக அரைத்ததையே போடுங்கள். மீன் கழிவைக் கடைசி மாதத்தில் முற்றாக நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இறைச்சியில் மீன் மணம் நிற்கும்.

15. கொழுப்பு இளகிறது தீனியால மட்டுமோ? பரம்பரைக்கும் பங்கிருக்கோ?

பங்கு உண்டு. எஸ்.சி.டி என்ற மரபணு ஸ்டியரிக் அமிலத்தை ஒலெயிக் அமிலமாக மாற்றும் நொதியத்துக்குரியது. டுரொக்கில் இதன் ஒரு வடிவம் மொத்தக் கொழுப்பைக் கூட்டாமல் ஒலெயிக் பங்கை மட்டும் கூட்டுகிறது என்று 2014இல் காட்டினார்கள். அளவு வேறு, தன்மை வேறு. ஒலெயிக் கூடிய கொழுப்பு மென்மையானது, ஆனால் லினோலெயிக் போலச் சீக்கிரம் காறாது. தவிட்டுப் பிரச்சினையை இந்த மரபணுவால் தீர்க்க முடியாது. அதைத் தீனியில்தான் தீர்க்க வேண்டும்.

16. ஊரில ஒரே ஒரு கடுவன்தான். அதின்ர பிள்ளைகளையே அதுக்கு விடுறம். பிழையோ?

பிழை. தகப்பனை மகளோடு சேர்த்தால் குட்டியின் உட்கலப்பு அளவு 25 சதவீதம். ஈற்றுக் குட்டி குறையும், பலவீனக் குட்டிகள் கூடும், 9இல் சொன்ன ஆர்.வை.ஆர்.1 போன்ற பின்னிடைவான பழுதுகள் இரண்டு பிரதியாகச் சேரும் வாய்ப்பும் ஏறும். தசைக் கொழுப்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக இதைத் தொடரக் கூடாது.

மகள்கள் சினைப்படும் வயதுக்கு வரும் முன் கடுவனை மாற்றுங்கள். அதற்குக் காது வெட்டுக் குறியும் ஒரு கொப்பியும் போதும்: குட்டி இலக்கம், தாய், தந்தை, பிறந்த திகதி, நலமடித்ததா, வெட்டிய எடை, 13இல் சொன்ன படப் புள்ளி. தராசு இல்லையென்றால் நாடா: முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை மீற்றரில் அளந்து வர்க்கமாக்கி, காதடியிலிருந்து வாலடி வரையான நீளத்தால் பெருக்கி, 69.3ஆல் பெருக்குங்கள். சுற்றளவு 1 மீற்றர், நீளம் 1.2 மீற்றர் என்றால் 83 கிலோ.

17. காட்டுப்பன்றி பட்டிக்குள்ள வந்து போட்ட குட்டியள் நிக்குது. காட்டு ருசி வருமெண்டு வைச்சிருக்கலாமோ?

வைத்திருக்க வேண்டாம். காட்டுப்பன்றி இறைச்சி கருஞ்சிவப்பாக இருப்பது ஓடித் திரியும் தசைநாரால். அதில் தசைக் கொழுப்புக் குறைவு. எம்.வை.எச்.3 பதிலைப் படித்தவர்கள் ‘சிவப்பென்றால் வரி’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கலப்புக் குட்டிகள் மெதுவாக வளரும், ஈற்றும் சிறியது.

பெரிய ஆபத்து வேறு. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2024இல் இலங்கையில் பரவியது. காட்டுப்பன்றிக்கும் பட்டிப் பன்றிக்கும் அது பொது. பட்டியைச் சுற்றி இரட்டை வேலி போடுங்கள். காட்டு இறைச்சி வெட்டிய கத்தி, உடுப்பு, கழிவு எதுவும் பட்டிக்குள் போகக் கூடாது.

18. அப்ப கடுவனை இரவல் குடுக்கிறதும் வாங்கிறதும்?

அந்தக் காய்ச்சல் வந்தபின் இரவல் கடுவன் மிக ஆபத்தான வழக்கம். வைரசு கடுவனின் விந்திலும் இருக்கும், உடம்பிலும் தீனிப் பாத்திரத்திலும் ஒட்டி வரும். புதிய பன்றி எதுவானாலும் 30 நாள் தனியே, வேறு ஆள், வேறு வாளி. செயற்கை முறைச் சினைப்படுத்தலுக்கு விந்து எடுப்பதானால் நோய் கண்காணிப்பில் உள்ள பண்ணையிலிருந்து, கால்நடை வைத்தியரைக் கேட்டு எடுங்கள். ஹோட்டல் மிச்சத்தைப் போடாமல் விடுவதே நல்லது. போட்டே ஆகவேண்டுமென்றால் 90 பாகை செல்சியசில் குறைந்தது 60 நிமிடம், இடைவிடாமல் கிளறிக் காய்ச்சுங்கள்.

19. டி.என்.ஏ சோதனைக்குக் காசு குடுக்கலாமோ?

பத்துப் பெண் வைத்திருப்பவர் தசைக் கொழுப்புக்காக டி.என்.ஏ சோதனை செய்ய வேண்டாம். 6ஆம் கேள்வியில் சொன்ன ஒவ்வொரு மரபணுவும் சிறு பங்குதான். 2009இல் வந்த, ஏறத்தாழ 60,000 அடையாளங்களை ஒரே தரத்தில் வாசிக்கும் சில்லு பயன்படும். ஆனால் இறைச்சியும் அளக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பன்றிகளின் தரவு பின்னால் இருந்தால்தான் அது கடுவனுக்கு நம்பத்தக்க மதிப்பெண் தரும். அந்தத் தரவும் உங்கள் இனத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

ஒரு விலக்கு: வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்கும் கடுவனுக்கு ஆர்.வை.ஆர்.1 சோதனைச் சான்று கேளுங்கள். அது ஒரே மரபணு, விடை ஆம் அல்லது இல்லை, பிழைத்தால் நட்டம் முழுப் பன்றி.

20. வரி கூடினா விலை கூடுமோ?

உயிர் எடைக்குக் கிலோக் கணக்கில் விற்பவருக்குக் கூடாது. அவருக்கு வளர்ச்சியும் தீனிச் செலவும் ஈற்றுக் குட்டியும்தான் முக்கியம். தசைக் கொழுப்பை மட்டும் தொடர்ந்தால் நட்டப்படுவார். அமெரிக்காவின் ஐயோவாவில் டுரொக்கை ஸ்கான் வழியாகத் தசைக் கொழுப்புக்கு மட்டும் ஆறு தலைமுறை தெரிவு செய்தபோது அது தெளிவாக ஏறியது; கூடவே முதுகுக் கொழுப்பும் ஏறியது, முதுகுத் தசையின் பரப்புக் குறைந்தது. தானே வெட்டி, துண்டு போட்டு, ஹோட்டலுக்கோ வீடுகளுக்கோ நேரே கொடுப்பவர்தான் வரியைக் காசாக்க முடியும். அவரும் முதுகுக் கொழுப்புக்கு ஓர் எல்லை வைத்து, அதற்குள் வரி கூடிய பரம்பரையைத் தேட வேண்டும்.

21. வெட்டின இறைச்சியில வெள்ளை வெள்ளையா மணி தெரியுது. இது நல்ல வரிதானே?

கவனம். வரி என்பது நார்க்கட்டுகளின் வழியே கோடாக, கிளையாக ஓடும்; குளிரில் இறுகும், விரலால் தேய்த்தால் நெய் போல உருகும். நெல் மணி அளவில், 5 முதல் 10 மில்லிமீற்றரில், முட்டை வடிவக் கொப்புளமாக, உள்ளே நீரும் ஒரு வெள்ளைப் புள்ளியும் இருந்தால் அது நாடாப்புழுவின் குடம்பி. ஊசியால் குத்தினால் நீர் வரும். நாக்கின் அடியிலும் இதயத்திலும் தாடைத் தசையிலும் பாருங்கள், அங்கேயும் இருக்கும். அந்த உடலத்தை விற்கவோ தின்னவோ கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கால்நடை வைத்தியருக்கும் சொல்லுங்கள். பன்றியை வெளியே திரியவிடாமல் அடைத்து வளர்ப்பதும், வளவில் எல்லோரும் மலசலகூடம் பாவிப்பதும்தான் இதற்குத் தடுப்பு.

மூன்றாவது ஒன்றும் உண்டு. ஒரு தசை மட்டும், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும், முழுதாக வெளிறிக் கொழுப்பாகவே மாறியிருக்கும். பழைய காயத்தாலோ நரம்பு பழுதானதாலோ தசைநார் அழிந்து, அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பியது அது. தின்றால் தீங்கில்லை, ஆனால் கொப்பியில் அதைப் பரம்பரைப் புள்ளியாக எழுதாதீர்கள். மற்றப் பக்கத் தசையை வெட்டிப் பார்த்து அதன் புள்ளியை எழுதுங்கள்.